படத்தில் இல்லாத விசை

மாணவ நண்பர்களே, உயிரியல் புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நரம்பு முனையில் சிறுசிறு பைகள். ஒன்று உயிரணுச் சவ்வோடு ஒட்டி, வாய் திறந்து, உள்ளிருக்கும் பொருளை வெளியே கொட்டுகிறது. குழம்பில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் சேர்வதுபோல் இது தானே நடப்பதாகத் தோன்றும். அப்படி நடக்காது.

இரு சவ்வுகளின் மேற்பரப்பும் நீரைப் பற்றிக்கொண்டிருப்பவை. நெருங்க நெருங்க விலக்குவிசை மிகும். அதை வெல்பவை ‘ஸ்னேர்’ புரத இழைகள். பையிலிருந்து ஓர் இழையும் சவ்விலிருந்து மற்றவையும் ஜிப் மூடுவதுபோல் முறுக்கிக்கொண்டு இரண்டையும் இழுத்து நெருக்குகின்றன. கால்சியம் அயனிகள் நுழைந்ததும் பை திறக்கிறது.

லண்டனில் பெர்னார்டு காட்ஸ் 1950களில் தவளைத் தசையை ஆராய்ந்தபோது, பொருள் பொட்டலம் பொட்டலமாக வெளிவருவதைக் கண்டார். அதற்கு எங்கள் ‘குவாண்டம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்! பாடப் புத்தகமோ விசையைப் பற்றி வாய் திறப்பதில்லை. இது பெரிய குறை என்பேன்.

முறையாகப் பதப்படுத்தாத டின் உணவில் உண்டாகக்கூடிய போட்டுலினம் நஞ்சு வெட்டுவது இந்த இழைகளைத்தான். பைகள் நிறைந்தே இருக்கும். ஆனால் தசைக்குச் செய்தி போகாது, மூச்சே நின்றுவிடலாம்.

உங்கள் புத்தகப் படத்தில் இரண்டு அம்புக்குறிகள் வரைந்து ‘விசை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். உயிரியல் ஆசிரியர் கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.