கேரவனுக்கும் உண்டு எடை வரம்பு

கேரவன் என்றாலே திரைப்பட நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வாகனம் என்றிருந்த நிலைமை மாறி வருகிறது. கேரள அரசு 2021-ம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. அதே ஆண்டில் மகாராஷ்டிரமும் அவ்வழியில் இறங்கியது. 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமண் மலைப் பகுதியில் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. விடுதி வசதியில்லாத ஊர்களுக்கும் பயணிகள் சென்று தங்க வழி பிறக்கிறது என்பதால் இம்முயற்சி வரவேற்கத்தக்கதே.

ஆனால், ஒரு வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றும்போது அச்சக்கரங்கள் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு உரிய இடம் தரப்படவில்லை. அதிகச் சுமை என்றால் மணல் லாரியும் நெல் லாரியும்தான் நினைவுக்கு வருகின்றன. கட்டிலும் சமையல் மேடையும் குளிர்சாதனமும் சுமையாகத் தெரிவதில்லை.

கணக்கு எளிமையானது. மொத்த எடை 5,000 கிலோவாக அனுமதிக்கப்பட்ட ஒரு வாகனம், உள்வேலைகள் முடிந்தபின் 4,300 கிலோ இருக்கிறது என்று கொள்வோம். மீதம் 700 கிலோ. சராசரியாக 65 கிலோ வீதம் ஆறு பேர் ஏறினால் 390 கிலோ. 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 200 கிலோ. சமையல் எரிவாயு உருளை சுமார் 30 கிலோ. எஞ்சிய 80 கிலோவுக்குள் ஆறு பேரின் பெட்டி, படுக்கை, உணவுப் பொருள், பாத்திரம் அனைத்தும் அடங்கியாக வேண்டும். தண்ணீரைச் செலவழித்தால் பாரம் குறையும் என்றும் எண்ண முடியாது. பெரும்பகுதி கழிவுநீர்த் தொட்டிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

மொத்த எடை வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது. ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு உண்டு. பின் அச்சுக்கும் அப்பால் பாரத்தைக் குவித்தால் முன்சக்கரங்களின் பிடிப்பு குறைந்து, திருப்புவது கடினமாகும். கூரை மேல் மூட்டைகளை அடுக்கினால் மலைப் பாதை வளைவுகளில் வாகனம் கவிழும் அபாயம் கூடும். நீண்ட இறக்கங்களில் பிரேக் சூடேறிச் செயலிழப்பதும், வெயில் நேரத்தில் டயர் வெடிப்பதும் அளவுக்கு மீறிய பாரத்தின் விளைவுகள்தாம். கேரவன் சுற்றுலாவுக்கு நாடப்படும் இடங்களில் பல மலைப் பகுதிகளே என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

சட்டத்தில் குறையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையை மீறி எந்த வாகனத்தையும் ஓட்டக்கூடாது என்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ரூ. 20 ஆயிரம்; கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2 ஆயிரம். அதிகப்படியான பாரத்தை இறக்கிய பிறகே வாகனம் நகர வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு அதிகச் சுமைக்கு அனுமதி அளிக்கும் மாநில அரசுகளின் அட்டை முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே தீர்ப்பளித்துள்ளது. தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறியதும், கேரளத்திலிருந்து வந்த வழக்கில்தான். கேரவன்களுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தர நிர்ணயமும் இருக்கிறது.

இவை பெரும்பாலும் வாகனம் பதிவாகும் நாளோடு முடிந்துவிடுகின்றன. பிறகு கூடுதலாக ஒரு பேட்டரி, ஒரு ஜெனரேட்டர், இன்னொரு தண்ணீர்த் தொட்டி என்று சேர்க்கப்படுபவற்றை யார் எடை போட்டுப் பார்க்கிறார்கள்? மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத வாகனத்தை இலகுரக வாகன உரிமத்துடனேயே ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. ஆகவே, கார் ஓட்டிப் பழகிய கைகள் ஐந்து டன் வாகனத்தை மலையிலிருந்து இறக்கிவர சட்டத் தடை இல்லை. அத்தகையவருக்கு எடை பற்றிய விவரம் தெரிந்திருப்பது மிக அவசியம்.

கேரவன் வாங்குவோருக்கு மானியம் தருவதில் ஆர்வம் காட்டும் அரசுகள், உள்வேலைகள் முடிந்தபின் அச்சுவாரியாக எடுக்கப்பட்ட எடைச் சீட்டையும் அதற்கு நிபந்தனையாக்க வேண்டும். தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதும் அதைக் கேட்க வேண்டும். லாரிகளின் பக்கவாட்டில் வெற்று எடையும் மொத்த எடையும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். வாடகை கேரவன்களின் கதவிலும், தண்ணீர் நிரப்பிய பிறகு இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதைப் பயணிகளுக்குப் புரியும் மொழியில் எழுதிவைக்க உத்தரவிடலாம். நெடுஞ்சாலைகளில் எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லை. லாரிகள் ஏறும் அதே மேடையில் புறப்படும் முன் ஒருமுறை ஏறி இறங்க, கேரவனுக்குச் சில நிமிடங்கள் போதும்.