காவலாளி மட்டும் போதுமா?

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் உருவான ஏற்றுமதி மண்டலம் முதல் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை வரை, சென்னையின் தென்புறநகர் வளர்ச்சியில் சிறு நிறுவனங்களின் பங்கு பெரிது. இரண்டு கணினிகளுடன் தொடங்கிய உதிரிபாகத் தொழிற்கூடம் ஒன்றில் இன்று இருபது கணினிகள் இருக்கக்கூடும். கணக்கு, ஜிஎஸ்டி பட்டியல், ஊதியப் பதிவு, வாடிக்கையாளர் நம்பித் தந்த வரைபடம் யாவும் அவற்றுள் அடக்கம். ஆனால், அவற்றைக் காக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் பல இடங்களில் கணினி விற்ற கடைக்காரரே தேர்ந்தெடுக்கிறார்.

பழைய கார் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கிய சிக்கல்தான் இது. தரத்தை வாங்குபவரால் அறிய இயலாதபோது, தரமற்ற பொருள் நல்ல பொருளைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும். ஓராண்டு முழுவதும் தீங்கு நேரவில்லை எனில், மென்பொருள் தடுத்ததா, தாக்குதலே வரவில்லையா என்பது உரிமையாளருக்குத் தெரியாது. எனவே, விலை ஒன்றே அளவுகோலாகிவிடுகிறது.

இந்த அறியாமையைக் குறைக்க வழி உண்டு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்கள் தங்கள் சோதனை முடிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. சோழிங்கநல்லூரின் கே7, புணேயின் குயிக் ஹீல் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளையும் அந்த அளவுகோலிலேயே எடைபோட வேண்டும். இருபது கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கும் வசதி உள்ளதா, அழைத்தால் உதவி கிடைக்குமா என்பவை அடுத்த கேள்விகள். இலவசப் பதிப்புகள் பலவும் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியவை என்பதையும் மறக்கலாகாது.

எனினும், காவலாளியை அமர்த்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதில் பயனில்லை. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல். அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்கும் முன், பழைய கணினிகளைக் கணக்கெடுப்பதே முறை. வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட காப்புப் பிரதி ஒன்று இருந்தால், மிரட்டலுக்குப் பணிய வேண்டிய தேவை பெரிதும் குறையும்.

ஒருவரின் அலட்சியம் அவரோடு நிற்பதில்லை. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற ஒரு தொழில்நுட்பச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டபோது, அதைச் சார்ந்திருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைபட்டது. இதுவே பொருளியல் கூறும் புறவிளைவு. ஒரு தொழிற்கூடத்தின் பாதுகாப்பு, அதனுடன் வணிகம் செய்யும் அனைவரின் பாதுகாப்புமாகும்.

ஆகவே, இதைத் தனித்தனி உரிமையாளரின் பேரம் பேசும் திறனுக்கு விட்டுவிடலாகாது. தொழிற்பேட்டைச் சங்கங்கள் கூட்டாக உரிமம் வாங்கலாம். பல நிறுவனங்களுக்குப் பொதுவாக ஒரு கணினிப் பாதுகாப்பு வல்லுநரை அமர்த்தலாம். தொழிற்பேட்டைக்குச் சாலையும் மின்சாரமும் தரும் அரசு, இதையும் உள்கட்டமைப்பாகக் கருதிக் கைகொடுக்க வேண்டும்.