நடுநகரைச் சுற்றிப் போகச் சொல்லும் திட்டங்கள்

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்திலிருந்து லால்பஜார் காவல்துறைத் தலைமையகம் வரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். இடையில் பௌபஜார். அதன் ஊடாக பி.பி. கங்கூலி தெரு கிட்டத்தட்ட நேர்கோடாக ஓடுகிறது. நிலம் முற்றிலும் சமதளம். நிதானமாக மிதித்தாலும் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். நகரப் போக்குவரத்துத் திட்டமிடலைப் பயிலும் மாணவருக்கு முதல் பயிற்சியாகக் கொடுக்கத்தக்க எளிய கணக்கு இது: நெரிசல் மிகுந்த ஒரு நடுநகரின் குறுக்கே, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு மிதிவண்டித் தடம் வரைக. 2008 முதல் கொல்கத்தா இக்கணக்கிற்கு எழுதிவரும் விடை, கேள்வியைக் கரும்பலகையிலிருந்து அழிப்பதாகவே இருக்கிறது.

அவ்வாண்டில் நகரக் காவல்துறை 38 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தது. 2013இல் அப்பட்டியல் 174 சாலைகளாக விரிந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 62 ஆகச் சுருங்கியது. சுருங்கியதே என்று ஆறுதல் கொள்வோர் சாலை வலைப்பின்னலின் இயல்பை அறியாதவர்கள். எஞ்சியவை முதன்மைச் சாலைகள். நடுநகரில் எங்கிருந்து எங்குச் செல்வதாயினும் அவற்றுள் ஒன்றில் ஏறவோ குறுக்கே கடக்கவோ நேரும். மீன்வலையில் நூறு கண்ணிகள் முழுதாக இருந்தும், கயிறு கட்டும் நான்கு முடிச்சுகள் அவிழ்ந்திருந்தால் அதை வலை என்று எவரும் எடுத்துச் செல்வதில்லை.

தடை பிறந்த அதே 2008இல், மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்திற்காக வில்பர் ஸ்மித் நிறுவனம் தயாரித்த நாடளாவிய அறிக்கை ஒன்று வெளிவந்தது. கொல்கத்தாவின் அன்றாடப் பயணங்களில் மிதிவண்டியின் பங்கு 11 விழுக்காடு, காரின் பங்கு 8 விழுக்காடு என்றது அது. அரசின் கையில் இருந்த கணக்கு இது. எட்டுப் பேருக்கு வழிவிடுவதற்காகப் பதினொரு பேரைச் சாலையிலிருந்து இறக்கிவிட்டு, அதற்குப் போக்குவரத்துச் சீரமைப்பு என்று பெயர் சூட்டினார்கள்.

அந்தப் பதினொரு பேர் யார்? அதிகாலையில் செய்தித்தாள் போடுபவர், கைப்பிடியில் இருபுறமும் பால்கேன் தொங்கவிட்டு வருபவர், கோலே சந்தையிலிருந்து காய்கறி மூட்டையை ஏற்றிச் செல்பவர், மீன்கூடைக்காரர், கொத்தனார், தையற்காரர், இரவுக் காவலர். சியால்தாவில் வந்திறங்கும் புறநகர் உழைப்பாளருக்கு மிதிவண்டி உடற்பயிற்சிக் கருவியன்று. பேருந்துக் கட்டணத்தை மிச்சம்பிடித்து அதைக் கூலியோடு சேர்த்துத்தரும் கருவி. அவர் செலுத்தும் அபராதம் கார் வைத்திருப்பவருக்கு ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவாகத் தோன்றலாம். அவருக்கோ அன்றைய வரும்படியில் பெரும்பங்கு. வண்டியைப் பறிமுதல் செய்துவிட்டாலோ மறுநாள் தொழிலே இல்லை.

இதே மாநில அரசுதான் 2015 முதல் ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தின்கீழ் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்கு மிதிவண்டி வழங்கிவருகிறது. எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. விலையில்லா மிதிவண்டி தமிழக வாசகருக்குப் புதிதன்று. பீகாரில் 2006இல் தொடங்கிய திட்டம் பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையை எவ்வளவு உயர்த்தியது என்பதைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வும் நிறுவியிருக்கிறது. கொடுத்தது குற்றமன்று, மிக நன்று. ஆனால் அந்த மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்று படித்து, அதே வண்டியில் தலைநகருக்கு வேலை தேடிவரும் இளைஞரை எதிர்கொள்வது சிவப்பு வளையத்திற்குள் மிதிவண்டிப் படம் பொறித்த பலகை. அரசின் பரிசு கிராமத்தில் முன்னேற்றம், நகரில் இடையூறு!

தடைக்குச் சொல்லப்படும் காரணம் பழகிப்போனது. கொல்கத்தாவின் பரப்பில் சாலைகள் ஆறு விழுக்காடு அளவே. டெல்லியில் இருபதுக்கும் மேல். இவ்வளவு குறுகிய இடத்தில் மெதுவாகச் செல்லும் ஊர்திக்கு ஏது இடம் என்கிறார்கள். வறட்சிக் காலத்தில் குடத்தோடு வருபவரை விரட்டிவிட்டுத் தண்ணீர் லாரி வைத்திருப்பவருக்குக் குளத்தைத் திறந்துவிடும் தருக்கம் இது. இடம் அரிதாயின், குறைந்த இடத்தில் அதிக மனிதரைக் கடத்தும் ஊர்திக்கே முன்னுரிமை தரவேண்டும். வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கமாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை இதைத்தான் எழுதிவைத்தது. கொள்கை அலமாரியில் இருக்கிறது. சாலையை ஆள்வது வேறோர் அளவுகோல்.

அந்த அளவுகோலைப் பற்றிப் பொறியியல் வகுப்பறைகளுக்கு வெளியே யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ‘பயணிகள் கார் அலகு’ என்பது அதன் பெயர். சாலையில் செல்லும் ஒவ்வோர் ஊர்தியும் எத்தனை காருக்குச் சமம் என்று கணிப்பது அதன் வேலை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் நகரச் சாலைகளுக்கென வெளியிட்ட 106ஆம் எண் வழிகாட்டுநெறி, கார் 1 என்றால் மிதிவண்டி 0.4, பேருந்து 2.2, சைக்கிள் ரிக்‌ஷா 1.5 என்று மதிப்பிடுகிறது. அவ்வகை ஊர்திகளின் பங்கு கூடும்போது இம்மதிப்புகளும் கூடுகின்றன. ஊர்திக்குள் எத்தனை பேர் என்னும் கேள்வி இந்த அட்டவணையில் எங்குமே இல்லை. நாற்பது பேரோடு செல்லும் பேருந்தும் ஓட்டுநர் மட்டும் அமர்ந்து பணிமனைக்குத் திரும்பும் பேருந்தும் அதற்கு ஒன்றே. சாலையின் கொள்திறனைக் காரால் அளந்தபின், காரல்லாத அனைத்தும் காருக்கு நேர்ந்த இடையூறாகவே புலப்படும். இது கணக்கு வழு அன்று. யாருடைய சாலை என்னும் அரசியல் கேள்விக்கு விடையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, அதன்மேல் பதின்மக் குறியீட்டைத் தூவிய வேலை.

வேடிக்கை என்னவெனில், அவர்களுடைய கோலாலேயே அளந்தாலும் தடை நியாயப்படவில்லை. ஒருவர் மட்டும் செல்லும் கார் தலைக்கு ஓர் அலகை விழுங்குகிறது. இருவர் சென்றால் தலைக்கு அரை அலகு. மிதிவண்டிக்காரர் 0.4. மூவராகவோ நால்வராகவோ காரில் வந்தால் கணக்கு மாறும் என்பது உண்மைதான். அப்படி வருவோர் எத்தனை பேர் என்பதை ஏதேனும் ஓர் அலுவலக நேரத்தில் சித்தரஞ்சன் அவென்யூ ஓரம் நின்று எண்ணிப் பார்க்கலாம். கார் போய்ச்சேர்ந்தபின் பத்து மிதிவண்டிக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டு நாளெல்லாம் நிற்கும் கதை தனி.

அடுத்த சூழ்ச்சி, தேவைக் கணக்கெடுப்பு. ஒரு சாலையில் மிதிவண்டியைத் தடைசெய், காவலரை நிறுத்து, சில ஆண்டுகள் கழித்து ஆலோசகரை அனுப்பி எண்ணச் சொல், மிதிவண்டிகள் மிகக் குறைவு, தனித்தடத்திற்குத் தேவை எழவில்லை என்று அறிக்கை எழுது. பாலம் இல்லாத ஆற்றை நீந்திக் கடப்போரை எண்ணிப் பாலம் வேண்டுமா என்று தீர்மானிப்பவரை எந்த ஊரும் பொறியாளர் என்று அழைக்காது. இத்தனைக்கும், இதே சாலைக் காங்கிரஸ் 1962இல் வெளியிட்ட 11ஆம் எண் நெறி தெளிவாகவே இருந்தது: மணிக்கு 200 மோட்டார் வாகனங்களுக்குமேல் செல்லும் தடத்தில், மிதிவண்டிகள் மணிக்கு 100 மட்டுமே வந்தாலும் தனித்தடம் அமைப்பது நியாயமே. மோட்டார் வாகனம் பெருகப் பெருக மிதிவண்டிக்குப் பாதுகாப்பு தேவை என்பது அந்தத் தலைமுறையின் அறிவு. வாகனம் பெருகியதால் மிதிவண்டியை அகற்று என்பது அதற்குப்பின் வந்த ஞானம்.

திட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நகருக்குக் கிழக்கே நியூ டவுனில் மிதிவண்டித் தடங்கள் இருக்கின்றன. அகன்ற சாலை, வரிசை மரம், வாடகை மிதிவண்டி. 2020இல் பெருந்தொற்றின்போது புறநகர் ரயில்கள் நின்றுபோன ஜூன் மாதம், சிறுசாலைகளில் மிதிவண்டிக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. தனித்தடங்களுக்குத் திட்டம் வகுக்கும் பேச்சும் பெருநகர வளர்ச்சி ஆணையத்தில் எழுந்தது. இந்தியா முழுவதும் இத்தகைய திட்டங்களுக்கு ஒரே முகம்தான். ஏரிக்கரை, புறவழிச்சாலை, புதுநகர், பூங்கா ஆகிய இடங்களில் தடம் வரும். சந்தை, நீதிமன்றம், அரசு அலுவலகம், மொத்த வணிகத் தெரு ஆகியவை அடங்கிய நடுநகரின் விளிம்பில் வந்து முட்டி நிற்கும். கோடு போட எளிதான இடத்தில் கோடு போட்டுவிட்டுக் கிலோமீட்டர் கணக்குக் காட்டுவது திட்டமிடல் ஆகாது. ஞாயிறு காலை உடல்நலத்திற்காக மிதிப்பவருக்கு வழி அமைத்தாயிற்று, திங்கள் காலை வயிற்றுக்காக மிதிப்பவர் காவலருக்கு அஞ்சிச் சந்து தேடுகிறார்.

சந்துகள் இருக்கின்றனவே, அவற்றின் வழியே செல்லலாமே என்பது நல்லெண்ணம் உடையோர் கூறும் சமரசம். நடு கொல்கத்தாவின் சந்துகளை நிலப்படத்தில் மட்டுமே பார்த்தவர்களின் யோசனை அது. அவை வளைந்து வளைந்து சென்று, இறுதியில் ஒரு பெருஞ்சாலையில் வாய் திறக்கின்றன. எதிர்ச்சந்து நேரெதிரே இராது. ஐம்பது அடி தள்ளியிருக்கும். அந்த ஐம்பது அடிக்கு வண்டியிலிருந்து இறங்கி, கடைகள் நிறைந்த நடைபாதையில் சுமையோடு தள்ளிக்கொண்டு போகவேண்டும். இப்படி ஒவ்வொரு பெருஞ்சாலையிலும். வழித்தடம் என்பதன் பொருளே தொடர்ச்சி. சந்திப்புதோறும் அறுபடுவதை வழித்தடம் என்பது, படியில்லாத இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் ஏணி உறுதியாக இருக்கிறது என்பதைப் போன்றது.

மாற்று உண்டா? நெதர்லாந்தின் குரோனிங்கன் 1977 செப்டம்பர் 19 அன்று காட்டியது. மாக்ஸ் வான் டென் பெர்க் என்னும் இளம் நகரமன்ற உறுப்பினர் முன்னின்ற திட்டத்தின்படி நடுநகர் நான்கு கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கூறிலிருந்து மறுகூறுக்குக் காரில் நேராகச் செல்ல முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் நுழையவேண்டும். மிதிவண்டியும் நடப்பவரும் குறுக்கே செல்லலாம். பெரும் கட்டுமானம் ஏதுமில்லை. பலகைகளும் ஒருவழி மாற்றங்களுமே பெரும்பகுதி. கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். திட்டம் நிலைத்தது. அங்கே சுற்றிப் போகச் சொல்லப்பட்டது யாரிடம் என்பதைக் கவனித்தால் போதும்: இயந்திரத்தால் செல்பவரிடம், தன் தசையால் செல்பவரிடம் அன்று. சுற்றுவழியின் கூடுதல் தூரத்தை யார் சுமப்பது என்பதே நடுநகர்த் திட்டமிடலின் மையக் கேள்வி. கொல்கத்தா அதற்கு நேர்மாறான விடையைத் தந்திருக்கிறது.

குரோனிங்கன் சிற்றூர், கொல்கத்தாவோ மாநகர் என்ற ஆட்சேபம் எழும், நியாயமானதே. மழைக்காலத்தில் முழங்கால் நீர், டிராம் தண்டவாளப் பள்ளத்தில் சிக்கும் சக்கரம், பயணிக்காக ஒன்றையொன்று முந்தும் தனியார் பேருந்துகள் ஆகியவை அங்கில்லை. வெள்ளைக்கோடு மட்டும் போட்ட தடம் மறுநாளே வண்டி நிறுத்துமிடம் ஆகிவிடும் என்பதும் உண்மை. ஆயினும் ஒன்று: காலையில் ஒரு திசை, பிற்பகலில் மறுதிசை என ஒருவழித் தெருக்களின் போக்கையே நாள்தோறும் மாற்றிப்போடும் நகரம் கொல்கத்தா. இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டைப் பல்லாண்டுகளாக நடத்திவரும் காவல்துறைக்கு, பி.பி. கங்கூலி தெருவில் தனியார் கார்கள் ஊடுருவிச் செல்வதை நிறுத்திப் பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் சரக்கு இறக்குமதிக்கும் நேரம் பிரித்துத் தருவது கைமீறிய வேலையாகாது.

மெட்ரோ வந்துவிட்டதே என்பார்கள். 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடும் சியால்தாவும் நிலத்தடியில் இணைந்தன, வரவேற்கத்தக்கதே. அதற்காகத் தோண்டியபோது 2019இல் பௌபஜாரின் பழைய வீடுகள் சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் வீடிழந்து விடுதிகளில் தங்கினர். ஒரு வழித்தடத்திற்காக அவ்வளவு விலையைக் கொடுக்க ஆயத்தமாயிருந்த நிருவாகம், அதே தெருவின் மேற்பரப்பில் சில பலகைகள் நடத் தயங்குகிறது. மீன்கூடையோடும் பால்கேனோடும் மெட்ரோவில் ஏற முடியாது என்பதும் அறியாததன்று.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் டெல்லி முன்பே காட்டிவிட்டது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளத்தில் 2008இல் திறக்கப்பட்ட பேருந்துத் தடத்தோடு மிதிவண்டிக்கும் தனித்தடம் இருந்தது. கார் வைத்திருப்போரின் நேரம் கூடுதல் மதிப்புடையது என்ற வாதத்தோடு வழக்குத் தொடரப்பட்டது. 2012இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. நீதிமன்றத்தில் வென்ற தடத்தை 2015இல் அரசே கலைக்க முடிவு செய்தது. அதன் வடிவமைப்பில் குறைகள் இருந்தன. சந்திப்புகளில் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் நேரம் நீண்டது. ஆனால் நெரிசல் மிகுந்த மேம்பாலத்தை இடிக்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இன்னொன்று கட்டவேண்டும் என்கிறார்கள்.

அறிவுலகமும் இதில் கைகழுவிக்கொள்ள முடியாது. ‘நகரத்தின் மீதான உரிமை’ குறித்து லெஃபெவ்ரை மேற்கோள் காட்டும் கருத்தரங்கக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. காவல்துறையின் ஒரு தடை அறிவிக்கையை எடுத்து வரிவரியாக வாசித்தவை அரிது. பொறியியல் துறைகளோ 0.4 என்னும் எண்ணைத் தேர்வுக்கு மனனம் செய்விக்கின்றன. அது யாருடைய 0.4 என்று கேட்கும் மாணவருக்கு மதிப்பெண் இல்லை. இவ்விரு துறைகளுக்கும் இடையே விழுந்த பள்ளத்தில்தான் அந்தப் பால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்.

அடுத்து ஒரு மிதிவண்டித் திட்டம் எந்த நகரில் வெளியிடப்பட்டாலும், மொத்த நீளத்தையும் மரக்கன்றுப் படங்களையும் ஒதுக்கிவிட்டு நிலப்படத்தின் நடுப்பக்கத்தை விரித்துப் பார்க்கவேண்டும். கொல்கத்தாவாயின் சித்தரஞ்சன் அவென்யூவில் விரலை வைத்து, கிழக்கிலிருந்து வரும் கோடு அச்சாலையைக் குறுக்காகக் கடந்து லால்பஜாரின் வாசல்வரை போகிறதா என்று தேடவேண்டும்.