தராசு பிடித்த மற்றக் கை



யாழ்ப்பாணத் தீவகத்துக் கரம்பொன் என்றதும் 1913இல் அங்கே பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். அவருடைய வரலாற்றைப் பலர் எழுதிவிட்டார்கள். அதே ஊரில் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த கடைக்காரக் குடும்பங்களின் வரலாற்றை எங்கே தேடுவது?

நமக்கு ஒரு வழி உண்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளன்று வீட்டில் கொடுக்கும் நினைவுமலர்; 'கல்வெட்டு' என்றுதான் சொல்லுவோம். யார் யாரை மணந்தார், எந்தக் குறிச்சி, பிள்ளைகள் இப்போது ரொறன்ரோவிலா பாரிசிலா என்பதெல்லாம் அதன் வம்சாவளிப் பக்கத்தில் இருக்கும். நூலகம் நிறுவனம் இத்தகைய மலர்களையும் மின்வடிவில் சேர்த்துவருவது பெரிய தொண்டு. ஆனாலும் அவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. கணவர் 'பிரபல வர்த்தகர்'. மனைவியோ 'பாசமிகு துணைவியார்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்.

ஊர்க்கடை அப்படியா நடந்தது? ஐயா சாமான் எடுக்க யாழ்ப்பாணம் போனால், வரும்வரை தராசு பிடித்தவர் அம்மா. கடன் கொப்பியில் எழுதியவரும் பெரும்பாலும் அவரே. எந்த வீட்டில் காசு வரப் பிந்தும், எவரிடம் வாய்விட்டுக் கேட்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கடை நிற்கும் காணிகூட அவருடைய சீதனமாக இருந்ததுண்டு.

இதில் நம்முடைய பழைய சட்டம் கல்வெட்டைவிடக் கண் திறந்திருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, கலியாணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தைத் 'தேடிய தேட்டம்' என்றது. அதில் மனைவிக்கும் பாதி உண்டு. அந்தப் பாதியை வரலாற்றிலும் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் ஆசை.

1990இல் போர் தீவகத்துக்குள் வந்தபோது சனங்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டார்கள். காணி உறுதியைக் கொண்டுபோனவர் உண்டு. கடன் கொப்பியை யார் தூக்கிக்கொண்டு போவார்? அதனால் இனி மிச்சம், இருக்கிறவர்களின் ஞாபகம் மட்டுமே. கடையில் பெற்றோருக்கு உதவியாக நின்ற பிள்ளைகளுக்கே இன்று வயது போய்விட்டது.

கரம்பொன் மட்டுமல்ல, நாரந்தனை, சரவணை, வேலணை, புங்குடுதீவு என்று எந்த ஊர்க் கடையானாலும் அதன் கதையை எங்களுக்கு எழுதுங்கள். காணி யாருடையது, கணக்கு யார் பார்த்தது, இடம்பெயர்ந்த பிறகு எங்கே எப்படித் திரும்பத் தொடங்கினார்கள் என்பதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத ஏலாதவர்கள் கைத்தொலைபேசியில் பேசிப் பதிந்து அனுப்பினாலும் போதும். நாங்கள் எழுத்தாக்கி, உங்களிடம் காட்டிய பின்னரே அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்