டேவ் டியூர்சனை வில்லனாக்குவது யாருக்கு வசதி?

2015ல் வெளியான 'கன்கஷன்' படத்தை நண்பர்களோடு பார்த்து முடித்ததும் ஒருவன் சொன்னான்: "வினை விதைச்சவன் வினை அறுத்தான், அவ்ளோதான்." டேவ் டியூர்சனைத்தான் சொன்னான். மூளை பாதிக்கப்பட்ட பழைய அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களை விரட்டியடிக்கிறவராகப் படம் அவரைக் காட்டுகிறது. உதவி கேட்டு வரும் சக வீரரிடமே முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறார். பிறகு அவரே தற்கொலை செய்துகொள்கிறார். அவர் மூளையிலும் அதே நோய். அப்படியெல்லாம் நடக்கவேயில்லை என்று டியூர்சனின் குடும்பம் ஆட்சேபித்தது. யார் காதில் விழுந்தது?

அன்று நானும் தலையாட்டினேன். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டியூர்சன் நோட்ரடேம் பல்கலையில் பொருளாதாரம் படித்தவர். 1983ல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு வந்தார். ஆடியது சேஃப்டி என்கிற இடத்தில். தடுப்பு வரிசையின் கடைசி ஆள், அவரையும் தாண்டிவிட்டால் கோல் கோடுதான். 1985ல் அந்த இடத்தில் ஆடிவந்த டாட் பெல் சம்பளத் தகராறில் சீசன் முழுக்க வெளியே இருக்க, டியூர்சனுக்கு வாய்ப்பு வந்தது. பயிற்சியாளர் படி ரையனின் '46' தடுப்பு முறைக்கு ஒரு பழைய சேஃப்டியின் சட்டை எண்தான் பெயர். கடைசி ஆள் பின்னால் காத்திருக்க வேண்டியதில்லை, ஓடிப்போய் எதிரணி குவாட்டர்பேக் மேலேயே பாயலாம் என்பது அதில் ஒரு முக்கியமான சங்கதி. 1986 ஜனவரி சூப்பர் பௌலில் பேர்ஸ் 46-10 என்று நியூ இங்கிலாந்தைத் துவைத்தது. அடுத்த சீசனில் டியூர்சன் குவாட்டர்பேக்கை 7 முறை வீழ்த்தினார். பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர் யாரும் 2005 வரை அதைத் தாண்டவில்லை. நான்கு முறை ப்ரோ பௌல், நியூயார்க் ஜயன்ட்ஸோடு இன்னொரு சூப்பர் பௌல், கடைசியில் அரிசோனா. மொத்தம் 11 சீசன்.

அந்த 7ஐத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் முழு வேகத்தில் ஓடிப்போய் ஓர் உடம்பின்மேல் மோதுவது. தப்பிப்போன பாய்ச்சல்கள், பயிற்சி மைதானத்து இடிகள் எல்லாம் கணக்கிலேயே இல்லை. ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

இப்போது வில்லத்தனத்துக்கு வருவோம். 2006ல் வீரர் சங்கத்தின் சார்பில் ஓய்வூதிய, ஊனநிதி வாரியத்தில் டியூர்சன் உறுப்பினரானார். அந்த வாரியத்தில் ஆறு பேர்: மூவர் அணி முதலாளிகள் தரப்பு, மூவர் சங்கத் தரப்பு. எந்த விண்ணப்பத்துக்கு யார் எப்படி வாக்களித்தார் என்பது வெளியே தெரியாது. அவர் வெளிப்படையாகப் பேசியது தெரியும். 2007ல் செனட் விசாரணையில், தன் அப்பாவுக்கும் அல்சைமர், அவர் தொழில்முறை ஆட்டம் எதுவும் ஆடியதில்லையே என்றார். மோசமான வாதம். அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. 2005ல் மனைவியைத் தாக்கிய வழக்கில் சிக்கி நோட்ரடேம் அறங்காவலர் பதவியிலிருந்து அவர் விலகியதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனா அந்த வாதம் அவர் மண்டையில் முளைத்ததா? 1994ல் லீக் தலைக்காயத்தை ஆராய ஒரு குழு போட்டது. தலைவராக உட்கார்ந்தவர் மூட்டுநோய் மருத்துவர். என்னய்யா இது என்று கேட்கத் தோன்றுகிறதில்லையா? ஆட்டத்தால் மூளைக்கு நீண்டகாலச் சேதம் என்பதற்கு ஆதாரம் போதாது என்று அந்தக் குழு வருடக்கணக்காகக் கட்டுரை எழுதியது. பென்னட் ஒமாலு 2005ல் மைக் வெப்ஸ்டரின் மூளை பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டபோது, அதைத் திரும்பப் பெறச் சொன்னதும் இதே குழுவினர்தான். சோறு போட்ட லீக்கின் மருத்துவர்கள் சொன்னதை டியூர்சன் செனட்டில் திருப்பிச் சொன்னார். படம் அவரைச் சுட்டுவிரலால் காட்டுகிறது. ஆறு நாற்காலி போட்டு, அதில் ஒன்றில் பழைய வீரனையே உட்காரவைத்து, "உங்க ஆளே ஒத்துக்கலையே" என்று சொல்ல வழி செய்த ஏற்பாட்டை நோக்கி அந்த விரல் போதுமான அளவு நீளவில்லை.

இந்த நோயை இறந்தபின் மூளையை வெட்டித்தான் உறுதிசெய்ய முடியும். எங்கள் துறையில் பக் ரிப்போர்ட் வந்தால் 'என் மெஷினில் சரியாக ஓடுகிறது' என்று மூடிவிடும் சோம்பேறிகள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இங்கே விண்ணப்பதாரன் செத்தால்தான் பக்கையே காட்ட முடியும்.

2011 பிப்ரவரி 17 அன்று, ஃப்ளோரிடாவில், தொழிலும் வீடும் மணவாழ்வும் கைவிட்டுப்போன 50 வயது டியூர்சன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூளையை ஆய்வுக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்திருந்தார். மே மாதம் பாஸ்டன் பல்கலை ஆய்வாளர்கள் முடிவைச் சொன்னார்கள்: சிடிஇ. தீர்ப்பு, நிதானம், நினைவு இவற்றோடு சம்பந்தப்பட்ட பகுதிகளில் கடுமையான சேதம். வருடக்கணக்கில் வளர்கிற நோய் இது. அப்படியென்றால் வாரிய நாற்காலியில் இருந்த காலத்திலேயே அவர் நோயாளியாக இருந்திருக்க வேண்டும். 'வினை அறுத்தான்' என்று சொன்னவனிடம் நான் கேட்க விட்டது இதைத்தான்: விதைத்தபோதே அந்தக் கை யாருடையது?

"காசு வாங்கினான்ல, தெரிஞ்சுதானே ஆடினான்" என்பது அடுத்த வாதம். காசு வாங்கியது வாஸ்தவம். தெரிந்து ஆடினான் என்பதுதான் பொய். தெரிந்தவன் என்ன செய்வான் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவின் லைன்பேக்கர் கிறிஸ் போர்லண்ட், பிரமாதமான முதல் சீசன் முடிந்த கையோடு, 2015 மார்ச்சில், 24 வயதில் விலகினார். ஒப்பந்த போனஸில் பெரும்பகுதியைத் திருப்பியும் கொடுத்தார். அவருக்குப் படிக்க ஆய்வுகள் இருந்தன. 1983ல் டியூர்சனுக்கு என்ன இருந்தது? தலைசுற்றினால் மோந்து பார்க்க ஒரு உப்புக்குப்பி.

லீக் அதன்பின் திருந்திவிட்டதாகவும் சொல்கிறார்கள். முன்னாள் வீரர்களோடு சமரசம் வந்தது, கோடிகள் கைமாறின, சரி. அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? கறுப்பின வீரர்களின் சிந்தனைத்திறன் ஆரம்பத்திலேயே குறைவு என்று எடுத்துக்கொள்ளும் ஒரு கணக்குமுறை. ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பேரில் வெள்ளையருக்கு மறதிநோய், கறுப்பருக்கு 'இயல்புநிலை'. யாரோ உட்கார்ந்து எழுதி, யாரோ சரிபார்த்து, ஓடவிட்ட ஃபார்முலா. கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரண்டு கறுப்பின முன்னாள் வீரர்கள் 2020ல் வழக்குப் போட்ட பிறகு, 2021ல்தான் லீக் அதைக் கைவிடுவதாகச் சொன்னது.

அதே சமரசத்தில் இன்னொரு விதியும் உண்டு. பிரேதப் பரிசோதனையில் சிடிஇ உறுதியானால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கும். ஆனால் அந்த வீரர் 2015 ஏப்ரல் 22க்கு முன்பு இறந்திருக்க வேண்டும். 23ஆம் தேதி இறந்தவரின் மூளையில் அதே நோய் இருந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு டாலரும் கிடையாது.