குச்சியும் செயற்கைக்கோளும்

திருவனந்தபுரம் பூஜப்புரையிலுள்ள எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகள் உருவாக்கிய ‘வீசாட்’ செயற்கைக்கோள், 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி-58 ஏவுகலத்தில் விண்ணுக்குப் போனது. சுமார் ஒரு கிலோ எடை. அது விண்ணை எட்டியதைவிட, புற ஊதாக் கதிர்வீச்சை அளக்கும் வேலையோடு போனதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் பள்ளிகளின் செய்முறைத் திட்டங்களில் பலவற்றுக்கு அப்படி ஒரு வேலையே இல்லை. கடையில் வாங்கிய தெர்மாகோல் எரிமலை பொங்குகிறது, மதிப்பெண் விழுகிறது. எவரும் எதையும் அளப்பதில்லை.

இஸ்ரோ பக்கத்தில் இருக்கும் ஊரில் இது நடக்கும், சாதாரண அரசுப் பள்ளிக்குப் பணம் ஏது என்பார்கள். செயற்கைக்கோளுக்குப் பணம் வேண்டும்தான். அளப்பதற்கு அவ்வளவு வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட குச்சியின் நிழல் மறைந்துவிடும். ஏப்ரலில் கோடை விடுமுறை, ஆகஸ்டில் மேகமும் சில ஆண்டுகளில் ஓணமும் குறுக்கிடும் என்பது உண்மை. அந்நாட்களுக்கு முந்தைய வாரங்களில் நிழலை அளந்து, மறையும் நாளை மாணவர்களே கணித்துவிடலாமே. பாடத்திட்டம் முடியாது என்ற கவலையும் பெரிதல்ல: கோணமும் அட்சரேகையும் அந்தப் பாடத்திட்டத்தில் இருப்பவைதான். கணிப்பு இரண்டு நாள் பிசகினால், ஏன் என்று தேட வகுப்புக்கு இன்னொரு வாரம் கொடுக்கலாம்.