குழாய் வாங்கும் முன் வாளியை வையுங்கள்

என் அம்மாவுக்கு வயது 83. சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒரு விடியற்காலை, குளியலறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். "அம்முணி, இந்தக் குழாயக் கொஞ்சம் திருகி உடு." மூட்டுவாதத்தில் அவருடைய விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. குழாயோ உருண்டைக் கைப்பிடி வைத்த பழையது. உப்பு ஏறி இறுகிக் கிடந்தது. நான் திறந்துவிட்டேன். குளிப்பதற்குக்கூட இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்பது கைவலியைவிட அவரை அதிகம் வருத்தியது. அன்றைக்கே இரண்டு குளியலறைகளையும் புதுப்பிக்க முடிவு செய்தோம்.

எங்கள் வீடு கோவை வடவள்ளியில் 1994-ல் கட்டியது. அந்த வாரமே மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கினேன். பில்லர் காக், வால் மிக்சர், டைவர்ட்டர், ஷவர் ரோஸ், ஹெல்த் ஃபாசெட், ஆங்கிள் காக் என்று மூன்றிலும் ஒரே சாமான்கள்தான். ஆனால் ஒரு பட்டியலின் கூட்டுத்தொகை 24,000 ரூபாய், இன்னொன்றில் ஒரு லட்சத்துக்கும் மேல். "எந்த பிராண்ட் வேணும்னு மட்டும் சொல்லுங்க மேடம், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றார் கடைக்காரர். நம்மில் பெரும்பாலோர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தலையை உடைத்துக்கொள்கிறோம். 31 ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிராண்ட் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றி இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

பிராண்ட் பெயர்கள் நமக்கு எவ்வளவு சொல்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். குரோஹே ஜெர்மனியில் பிறந்த பெயர். 2014 முதல் ஜப்பானின் லிக்சில் குழுமத்தின் கையில் இருக்கிறது. பேரிவேர், சென்னையின் பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரியின் நிறுவன வழியில் வந்து, ராணிப்பேட்டையில் பீங்கான் செய்து வளர்ந்தது. இன்று அதன் உரிமையாளர் ஸ்பெயின் நாட்டு ரோகா. ஜாகுவார் 1986-ல் வந்த இந்தியப் பெயர். அதே குடும்பத்தின் மூத்த பெயரான எஸ்கோ இன்றும் குறைந்த விலையில் கிடைக்கிறது. 1873-ல் அமெரிக்காவில் தொடங்கிய கோலருக்குக் குஜராத்திலும் ஆலை உண்டு. ஆக, பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்து நாட்டையும், நாட்டை வைத்துத் தரத்தையும் தீர்மானிப்பதில் பொருளில்லை. நல்ல நிறுவனங்கள் எல்லாமே பித்தளை உடலும், உள்ளே பீங்கான் வட்டுகள் கொண்ட காட்ரிட்ஜும், மேலே நிக்கலும் குரோமியமும் பூசிய மெருகும்தான் தருகின்றன. பழைய ரப்பர் வாஷர் குழாயை நான்கைந்து சுற்றுத் திருகவேண்டும். பீங்கான் வட்டுக் குழாய் கால் சுற்றிலேயே திறக்கும். அம்மாவின் விரல்களுக்கு வேண்டியது அந்தக் கால் சுற்றுதான். எல்லாக் கடையிலும் எல்லா விலையிலும் அது கிடைக்கிறது.

இனி முதல் கேள்வி. உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினமானது? கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி" என்று இரண்டு குழாய்கள். சிறுவாணித் தண்ணீர் சமையலறைக்கு, ஆழ்துளைக் கிணற்று நீர் குளியலறைக்கு. நான் வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகத்திலேயே இரண்டையும் இ.டி.டி.ஏ. கரைசலால் அளந்து பார்த்தேன். நிறங்காட்டி சேர்த்ததும் ஒயின் சிவப்பாக இருக்கும் நீர், கடினத்தன்மை தீர்ந்ததும் நீலமாக மாறும். சிறுவாணி நீர் சில சொட்டுகளிலேயே நீலமானது. போர் தண்ணீருக்குச் சொட்டுவிட்டு மாளவில்லை. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 640 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 200 வரை ஏற்கலாம் என்கிறது, வேறு வழியில்லாதபோது 600 வரை. எங்கள் குளியலறைத் தண்ணீர் அதையும் தாண்டியது.

இந்தத் தண்ணீர் விலை பார்த்து வேலை செய்வதில்லை. ஷவரின் ஒவ்வொரு துளையிலும் சுண்ணாம்பு படியும், குழாய் முனையில் இருக்கும் ஏரேட்டர் வலையை அடைக்கும். ஆகவே கடையில் நான் ஷவர் ரோஸின் துளைகளை விரலால் தடவிப் பார்த்தேன். மென்மையான சிலிக்கான் முனைகள் இருந்தால் தேய்த்தாலே படிவு உதிர்ந்துவிடும். வெறும் உலோகத் துளைகள் என்றால் ஊசி கொண்டு குத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஏரேட்டரைக் கையால் கழற்றி மாட்ட முடிகிறதா என்றும் பார்த்தேன். இப்போது எல்லோரும் ஆசைப்படும் கறுப்பு நிறக் குழாய்களை வேண்டாம் என்று ஒதுக்கினேன். எங்கள் தண்ணீரில் ஒரே வாரத்தில் அவற்றின்மேல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அதைப் போக்க யாராவது ஆசிட்டை எடுப்பார்கள். கழிவறை கழுவும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது குரோமியத்தையே கரைத்துவிடும். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றிவைத்துக் கழுவினாலே போதும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பித்தளையே வேண்டாம் என்று விட்டேன். கோவையின் வாட்டர்டெக் போன்ற நிறுவனங்கள் செய்யும் பாலிமர் குழாயில் களிம்பு ஏறுவதில்லை, விலையும் குறைவு.

இரண்டாவது கேள்வி அழுத்தம். கடையில் ஒரு பெரிய ஷவரைத் திறந்து காட்டினார்கள். தோளெல்லாம் நனையும்படி மழைபோலக் கொட்டியது. அந்த மழைக்குப் பின்னால் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நம் வீடுகளில் தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தன் எடையால்தான் இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம், இதுதான் கணக்கு. எங்கள் மாடிக் குளியலறை ஷவருக்கும் தொட்டியின் அடிமட்டத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர். கால் பார்தான் கிடைக்கும். ஒரு பாருக்கு மேல் கேட்கும் அகலமான ஷவரை அங்கே மாட்டினால் தண்ணீர் நூல் நூலாகத்தான் வரும். அதை வாங்கியவர்கள் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பிழை ஷவரில் இல்லை, இரண்டரை மீட்டரில் இருக்கிறது.

இதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். பழைய ஷவரைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாயின் கீழே ஒரு பத்து லிட்டர் வாளியை வையுங்கள். நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். கீழ் வீட்டில் எங்களுக்கு 50 விநாடி, மாடியில் 95. இந்த இரண்டு எண்களை எழுதிக்கொண்டு கடைக்குப் போனதும் பேச்சே மாறிப்போனது. மாடிக்குச் சின்ன ஷவர் போதும் என்று கடைக்காரரே சொன்னார். பம்ப் போடுவதானால் அது குளிர்ந்த நீர்க் குழாய்க்கும் கீசருக்குப் போகும் குழாய்க்கும் சேர்த்தே அழுத்தம் தரவேண்டும் என்றார் எங்கள் பிளம்பர் தம்பி. ஒன்றுக்கு மட்டும் தந்தால் மிக்சரில் சூடு நிலையாக நிற்காது, வயதானவர் மேல் கொதிநீர் பாய்ந்துவிடும் ஆபத்து உண்டு.

இப்போதுதான் பிராண்டின் முறை. அதிலும் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பத்து வருடம் கழித்து இதன் உள்சாமான் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலை பெரியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மாடியில், தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் ஒரு டைவர்ட்டரைச் சுவருக்குள் புதைத்தோம். பெயர் பெற்ற நிறுவனத்துடையது. போன வருடம் அது கசிந்தபோது, அந்த மாடலே நின்றுபோய்விட்டது, காட்ரிட்ஜ் வராது என்றார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானுக்காக ஆறு டைல்களை உடைத்தோம். அதே நிறத்தில் டைல் கிடைக்காமல் சுவர் முழுவதையும் மாற்றினோம். "சொவத்துக்குள்ள போற சாமானுக்கு மட்டும் காசு பாக்காதீங்க டீச்சர், வெளிய தெரியறத எப்ப வேணா மாத்திக்கலாம்" என்று பிளம்பர் தம்பி சொன்னதை இப்போது ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவருகிறேன். இந்த முறை சுவருக்கு வெளியே நிற்கும் சாதாரண வால் மிக்சரையே தேர்ந்தெடுத்தோம். சுடுநீர், குளிர்நீர் வாய்களுக்கு நடுவே 150 மில்லிமீட்டர் என்ற பொது அளவில் இருப்பதால், நாளை வேறு எந்தக் கம்பெனி மிக்சரும் அதே இடத்தில் உட்காரும்.

இவ்வளவையும் ஒரு வீட்டுக்காரர் தானாகத் தேடி அறிய வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். ஃபிரிட்ஜ் வாங்கினால் முகப்பிலேயே நட்சத்திரங்கள் ஒட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியா 2005-ல் சட்டமியற்றி, குழாய்க்கும் ஷவருக்கும் நீர்ச் செலவை முத்திரையிடச் செய்தது. சிங்கப்பூரில் 2009 முதல் குழாய்களுக்கு அது கட்டாயம். நம் நாட்டிலும் நீர்ச் சிக்கனக் குழாய்களுக்கு ஐ.எஸ். 17650 என்ற தரநிலை 2021-ல் வந்துவிட்டது. ஆனால் நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2019 கோடையில் சென்னை பட்டபாட்டைப் பார்த்த மாநிலம் நாம். நம் பெட்டிகளின்மேல் தமிழில் மூன்று வரிகள் அச்சிட வேண்டும் என்று கேட்கிறேன்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும், உள்சாமான் எந்த ஆண்டுவரை கிடைக்கும். இதற்கு எந்தத் தொழிற்சாலையையும் மாற்றவேண்டாம். அவர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பதை நமக்கும் சொன்னால் போதும்.

எங்கள் வேலை தை மாதத்தில் முடிந்தது. மொத்தச் செலவு 41,000 ரூபாய். அம்மா குளியலறைக் குழாயின் நீளக் கைப்பிடியை மணிக்கட்டால் தள்ளியே திறந்துகொள்கிறார். நான் ஒரு தாளில் ஒவ்வொரு சாமானின் மாடல் எண், காட்ரிட்ஜ் அளவு, வாங்கிய தேதி, வாளி நிரம்பிய விநாடிகள் எல்லாவற்றையும் எழுதி, பில்லோடு சேர்த்து வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையில் வைத்திருக்கிறேன். இன்னும் பத்து வருடத்தில் இந்தக் குழாயைப் பழுது பார்க்க வருகிறவர் யாரென்று தெரியாது. அவர் ஒரு டைலைக்கூட உடைக்க வேண்டியிருக்காது.